என் பல் செட்டுக்கு ஜாமீன் இல்லை

போன செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்குப் போய் என் பற்களைப் பார்த்துவிட்டு வந்தேன். சௌக்கியமாக இருக்கின்றன.

சிரிக்காதீர்கள். சிரிக்க உங்களுக்குப் பல் இருக்கிறது... எனக்கு இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன் மணப்பாறையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பினேன். சாப்பாடு பலம். கண் சொக்கியது. பல் செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டு, டப்பாவைப் பையில் வைத்துவிட்டுத் தூங்கினேன். திருச்சி ஜங்ஷனில் விழித்தால் நான் இருக்கிறேன், பை இல்லை.

போலீசைக் குறை சொல்ல மாட்டேன். மறுநாளே அரியமங்கலத்தில் ஆளைப் பிடித்துவிட்டார்கள் – பையோடு! ஓடினேன். இன்ஸ்பெக்டர் டப்பாவைத் திறந்து காட்டினார். உடனே மூடினார்.

"உங்க பல்லுதாங்க, சந்தேகமே இல்லை. ஆனா இனிமே அது கோர்ட் பொறுப்பு. அங்க கேட்டு வாங்கிக்கங்க."

கேட்டேன். பிடிபட்டவன் 'பை என்னுடையது' என்று சொல்லிவிட்டானாம். முப்பத்திரண்டு பல்லும் முத்து மாதிரி இருக்கிற ஆள்! அவனுக்கு எதற்குப் பல் செட் என்று யாராவது கேட்க வேண்டாமா? கேட்பார்களாம் – விசாரணையின்போது. அதுவரை ஒரு சைக்கிளுக்கும் இரண்டு சாராயப் பானைகளுக்கும் நடுவே, அரக்கு சீலோடு, 'சொத்து நம்பர் 4' என்ற சீட்டைக் கட்டிக்கொண்டு என் பற்கள் பத்திரமாக இருக்கும்.

"நான் மாட்டிக் காட்டறேன். யாரோடதுன்னு அரை நிமிஷத்துல தெரிஞ்சிடும்," என்றேன் கிளார்க்கிடம்.

அவர் பதறிப்போனார். "சீலை உடைச்சா சாட்சியத்தையே கலைச்ச மாதிரி சார்!"

இதற்குள் மூன்று வாய்தா. பள்ளிக்கூடத்திலோ எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நெருங்குகிறது. பல் இல்லாமல் நான் பாடம் நடத்தினால் முன் பெஞ்சு நனைகிறது, பின் பெஞ்சு சிரிக்கிறது. ஹெட்மாஸ்டர் என் தமிழ் வகுப்பை டிரில் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டார். இருபத்தைந்து வருஷம் நான் நடத்திய வகுப்பில் இப்போது 'அட்டென்ஷன்!' என்ற அதட்டலோடு இலக்கணம் நடக்கிறது. வராந்தாவில் நின்று கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நான்காவது வாய்தா. மாஜிஸ்திரேட் லீவு. வெளியே வேப்பமரத்தடியில் ஒருவன் முறுக்கைக் கடித்துக்கொண்டு நின்றான் – கடக், கடக். என் திருடன்தான்! அவனுக்கு முதல் வாரமே ஜாமீன் கொடுத்தாகிவிட்டது.

"வணக்கம் சார். பல்லு இன்னும் வரலீங்களா?" அக்கறையாகத்தான் கேட்டான். "நான் குத்தத்தை ஒத்துக்கிட்டா கேஸ் அன்னிக்கே முடிஞ்சிடும், பல்லும் உங்க கைக்கு வந்துடும்னு வக்கீல் சொல்றாருங்க. ஒத்துக்கறேன். ஆனா தண்டனை குறையணும்... நல்லவன்னு ஒரு காண்டக்ட் சர்டிபிகேட் எழுதிக் குடுங்க. வாத்தியார் எழுதினா மதிப்பாங்க சார்."

போலீசாலும் சட்டத்தாலும் முடியாதது, முறுக்கு தின்கிற இவனால் முடிகிறது! கோபம் வந்தது. அதைவிட அதிகமாக ஆசை வந்தது.

நேற்று ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதி முடித்தேன். எத்தனையோ பையன்களுக்குச் 'சுமார்' என்று எழுதி அழவைத்த கை இது.

'நடத்தை: மிக மிக நன்று.'

பொய் இல்லை சார்... இந்த வழக்கில் என்னிடம் ஒழுங்காக நடந்துகொண்டவன் அவன் ஒருவன்தானே?