வவ்வால் குஞ்சுகள் பறக்கும் வரை

அத்தை வெள்ளகோவிலிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து இறங்கியபோது நான் நான்காம் வகுப்பு முடிக்கும் சமயம். அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி மாமியார் வீட்டுக்குப் போய் இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. நாலு நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். அம்மா ஒன்றும் கேட்காமல் வடக்கு அறையை ஒழித்துக் கொடுத்தாள். சூலூரில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. அந்த அறைக்கு மேலே மட்டும் பலகை அடித்து, பழைய அண்டாக்களைப் போட்டுவைக்க ஓர் அட்டாலி இருந்தது.

மறுநாள் காலையில் அத்தையின் போர்வை மேல் கருஞ்சீரகத்தைச் சிந்தியதுபோல் என்னவோ கிடந்தது. அப்பா ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு வந்து, வவ்வால் என்றார். கட்டைவிரல் பருமன்தான், ஆனால் நாற்பது ஐம்பது இருக்கும் என்றார்.

அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். எந்தக் கோளாறையும் அன்றைக்கே சரிசெய்துவிட வேண்டும் அவருக்கு. மிளகாய்ப் புகை போட்டுத் துரத்திவிட்டு ஓட்டையை அடைத்துவிடலாம் என்று பட்டறையில் யாரோ சொல்ல, மத்தியானத்துக்குள் வரமிளகாயும் சிமெண்டும் வீட்டுக்கு வந்துவிட்டன. வவ்வால்கள் எப்படி இருமும் என்று பார்க்க நான் ஆசையோடு காத்திருந்தேன்.

புகை படுமுன் அண்டாக்களை இறக்கிவிடலாம் என்று அத்தை செல்போன் வெளிச்சத்தோடு மேலே ஏறினாள். ஓர் அண்டாவும் இறங்கவில்லை. இறங்கி வந்தவள் ஏணியைப் பிடித்தபடியே நின்றாள்.

"அண்ணா, குஞ்சு இருக்குது. ஒண்ணுக்கும் இன்னும் முடியே மொளைக்கலைங்க. அடைச்சுப்போட்டா தாயெல்லாம் வெளிய, குஞ்செல்லாம் உள்ள."

அத்தை அப்பாவை எதிர்த்துப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. அதையும் எதிர்ப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அப்பா சிமெண்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அத்தையே நம்பர் தேடி வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

அடுத்த நாள் ஒரு வனக்காவலர் மொபெட்டில் வந்தார். ஏறிப் பார்த்தார், வெளியே போய், ஓடு இறங்கும் எறவாரத்தில் அவை நுழையும் சந்தைப் பார்த்தார். பிறகு மோர் குடித்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்.

"புகை போட்டுக் கொன்னா கேஸாயிருமுங்க. அதுகூடப் போகட்டும், அடைச்சீங்கன்னா குஞ்செல்லாம் உள்ளயே செத்து நாறும். நீங்களே ஊட்ல இருக்க முடியாதுங்க. ஒண்ணரை மாசம் பொறுங்க. குஞ்சு பறந்தப்புறம் ஒரு வலை கட்டலாம். வெளிய போலாம், திரும்பி உள்ள வர முடியாது."

அதுவரை யாராவது பொழுது சாயும்போது உட்கார்ந்து கவனிக்க வேண்டும், கீழே எது விழுந்தாலும் வெறுங்கையால் தொடக் கூடாது என்றும் சொன்னார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் அத்தை. ராத்திரி அவள் படுக்கை கூடத்துக்கு மாறியது.

ஐந்தாம் நாள் மாமா அவளை அழைத்துப் போக வந்தார். மாமா நல்லவர் என்பது என் கட்சி. வரும்போதெல்லாம் காராச்சேவு வாங்கி வருவார். அன்றைக்குக் கூடத்தில் எல்லோரும் மிகவும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினாள். நான் திரும்பி வந்தபோது அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்:

"தப்பா நெனைக்காதீங்க மாப்ள. மேல குஞ்சு இருக்குதுங்க. பாத்துக்கறேன்னு ஆபீசர்கிட்ட இவதான் வாக்குக் குடுத்திருக்கறா. அது பறக்கட்டுமுங்க, அப்புறம் பேசிக்கலாம்."

மாமா அட்டாலிப் பக்கம் அண்ணாந்து பார்த்தார். வவ்வாலுக்காக மனைவியை விட்டுவிட்டுப் போகும்படி ஆன மனிதர், காராச்சேவை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தார். எனக்கு முழு ஆண்டு விடுமுறை தொடங்கியிருந்தது. சாயங்காலம் நானும் அத்தையும் வாசலில் பாய் போட்டு, எறவாரத்துச் சந்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். மாமா முதலில் கூடத்தில் இருந்தார், அடுத்த வாரம் வாசற்படிக்கு வந்தார், அதற்கடுத்த வாரம் பாயின் ஓரத்துக்கே வந்துவிட்டார். அவர்கள் தணிந்த குரலில் பேசுவார்கள். "அம்மா என்ன சொல்லுவாங்க", "தனியா" என்பதுபோல் ஒன்றிரண்டு சொல் என் காதில் விழும். தாய் வவ்வால் குஞ்சைத் தனியாக விட்டுப் போவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து, அது திரும்பி வந்துவிடும் என்று நானும் இடையில் சொல்லிவைத்தேன்.

அப்படி ஒரு ஞாயிறு, பலகை இடுக்கு வழியாக ஒரு குஞ்சு அறைக்குள் விழுந்துவிட்டது. சுண்டுவிரல் நீளம், இளஞ்சிவப்பு உடம்பில் முடி அப்போதுதான் அரும்பியிருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா தோளில் இருந்த துண்டை மடித்து அதை அள்ளினார். அவருக்கு உயரம் என்றால் பயம் என்று அத்தை பதறினாள். "நீ ஏணியப் புடிச்சுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் போனார். ஓட்டைத் தாங்கும் சாரக்கட்டையோரம் துண்டைச் சாய்த்து வைத்துக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில், தாய் வந்து வயிற்றோடு ஒட்டிக்கொண்டது என்று மேலிருந்தபடியே கிசுகிசுத்தார். இறங்கியபோது தலை முழுக்க ஒட்டடை. அத்தை அதைத் துடைத்துவிட்டுக்கொண்டே சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சித்திரை முடிவதற்குள் குஞ்சுகள் பறந்தன. வனக்காவலர் வந்து சந்துக்கு மேலே வலையை ஆணியடித்து, கீழ்ப்பக்கத்தை மட்டும் திறந்து தொங்கவிட்டார். அன்று சாயங்காலம் அவை வலைக்குள் நழுவி இறங்கிப் பறந்து போயின. சில திரும்பி வந்து ஓட்டோரமாக வட்டமடித்து, உள்ளே வர வழி தெரியாமல், பக்கத்தில் பூட்டிக் கிடந்த மில் பக்கம் போய்விட்டன. தொடர்ந்து மூன்று சாயங்காலம் ஒன்றும் வெளியே வரவில்லையென்றால் அடைத்துவிடலாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

மூன்று சாயங்காலமும் ஒன்றும் வரவில்லை. நான் சிமெண்டுச் சட்டியை எடுத்துவைத்தேன். அப்பா அடைக்கவில்லை. நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் அடைக்கவில்லை. கேட்டால், "ஒண்ணு ரெண்டு உள்ள இருந்தாப் பாவமில்லையா, கண்ணு" என்பார்.

பத்தாம் நாள் மாமா வந்தார். ஞாயிறுகூட இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அத்தையிடம் கொடுத்தார். வெள்ளகோவிலிலேயே, அவர் அம்மா வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, ஒரு வாடகை வீடு. அத்தை சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். சாயங்கால பஸ்ஸில் இருவரும் கிளம்பினார்கள்.

மறுநாள் விடிந்ததும் அப்பா சிமெண்டைக் குழைத்து, அரை மணி நேரத்தில் சந்தை அடைத்துவிட்டார். தலைமுடி கனம்கூடத் தப்பாமல் இரும்பு கடைகிற அப்பாவுக்கு மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியவில்லை என்று, பள்ளிக்கூடம் திறந்ததும் நான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.