சாவியக்கா ஊருக்குப் போகிறாள்

அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் யார் வெளியூர் கிளம்பினாலும், பெட்டியைப் படிக்கட்டில் இறக்கிவிட்டுக் கடைசியாக நின்று பேசுவது தரைத்தளத்துப் பின்பக்க வீட்டு வாசலில்தான். சாவியக்காவின் வீடு அது. தினமும் காலையில் நான்கு வீடுகளில் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் கழுவுவது அவள் வேலை. ஊருக்குப் போகிறவர்களின் வீட்டைப் பார்த்துக்கொள்வதில்தான் அவளுக்குப் பேர்.

சமையலறைக் கதவின் பின்னால் ஒரு பலகை. அதில் பதினோரு ஆணிகள், பதினோரு வீட்டுச் சாவிகள். எந்தச் சாவியிலும் எண் கிடையாது, கலர் நூல்தான் கட்டியிருக்கும். பச்சை யார், மஞ்சள் யார் என்பது அவள் தலைக்குள் மட்டும் இருந்தது. "திருடன் வந்தா ஒவ்வொரு பூட்டாப் போட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கட்டும். அதுக்குள்ள நான் வந்துடுவேன்" என்பாள்.

இருபத்திரண்டு வருடம் மற்றவர்களை ஊருக்கு அனுப்பியதில், ஊருக்குப் போவதைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை, போனதில்லை என்பதைத் தவிர.

மூன்றாம் மாடிப் பல் டாக்டரம்மா கிளம்பும்போதெல்லாம் முதல் நாளே ஆள் அனுப்பிக் கூப்பிடுவாள். சாவியக்கா கட்டிலில் திறந்து கிடக்கும் பெட்டியை ஒரு பார்வை பார்ப்பாள்.

"அஞ்சு நாளைக்கு ஒன்பது சேலையா டாக்டரம்மா? மூணுல ஒரு பங்கை எடுத்துத் திரும்ப பீரோவுல வைங்க. அது துணி இல்ல, உங்க பயம்."

"மழை வந்துட்டா அக்கா?"

"வந்தா நனைவீங்க. காஞ்சிடும். ஐயாவோட பிரஷர் மாத்திரை எங்க?"

"பெட்டிக்கு அடியில."

"பெட்டி பஸ்ஸுக்கு அடியில போகும். அவருக்குத் தலை சுத்தினா நடுரோட்டுல பஸ்ஸை நிறுத்திக் குனிஞ்சு தேடுவீங்களா? கைப்பையில போடுங்க."

அடுத்து ஃப்ரிட்ஜ். நறுக்கி வைத்தது எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. வாஷிங் மெஷினுக்குள் ஈரத்துணி கிடக்கிறதா என்று கையை விட்டுப் பார்ப்பாள். குளியலறைச் சாக்கடை வாயில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, மேலே தட்டைக் கவிழ்த்து வைப்பாள். இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் வற்றி, திரும்பி வரும்போது வீடு நாறும். கட்டிலில் துவைத்த விரிப்பு. டப்பாவில் திரும்பி வரும் அன்றைக்கான அரிசி, கூடவே நான்கு முட்டை. "போற அன்னிக்கு எல்லாரும் ராஜா மாதிரிதான் போறீங்க. வர்ற அன்னிக்குத்தான் பிச்சைக்காரங்க மாதிரி வந்து நிக்கிறீங்க. அந்த நாளுக்கும் சேர்த்து மூட்டை கட்டுங்க" என்று சொல்வாள். வேலைக்குப் போகும் நாளுக்கு முந்தின நாளே வந்துவிட வேண்டும் என்பதும் அவள் சட்டம்.

எல்லாம் முடிந்ததும் கடைசிச் சடங்கு. அடுப்புக்குக் கீழே குனிந்து சிலிண்டர் திருகை மூட வைப்பாள். வெறுமனே மூடினால் விடமாட்டாள்.

"வாயால சொல்லுங்க."

"என்ன அக்கா, சின்னக் குழந்தையா நான்?"

"கை செஞ்சதைக் கை மறந்துடும். காது மறக்காது. சொல்லுங்க."

"கேஸ் மூடிட்டேன்" என்று டாக்டரம்மா கூச்சத்தோடு சொல்வாள். பாதி வழியில் போனில் கூப்பிட்டு, "அக்கா, கேஸ் மூடினேனா?" என்று கேட்கிறவர்கள் எல்லாம் வாயால் சொல்லாமல் போனவர்கள். அப்படி யாராவது கூப்பிட்டால் சாவியக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் சிரிப்பாள்.

அவளுடைய கணவருக்கு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. விடிவதற்கு முன்னால் எழுந்து போய், இருபத்தாறு வருடமாக நெருப்புக்கு முன்னால் நிற்கிற மனிதர். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை: நான்கு நாள் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். இரண்டு தடவை கிளம்பினார்கள், இரண்டு தடவையும் அவளால் நின்றது. முதல் தடவை இரண்டாம் மாடிக் குழாய் உடைந்தது. வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை, சாவி இவளிடம். அடுத்த தடவை நாலாம் மாடி வாத்தியார் திடீரென்று மகள் வீட்டுக்குப் போக வேண்டியதாகி, தொட்டியிலிருந்த ஏழு மீன்களை இவள் பொறுப்பில் விட்டுப் போனார். அதற்குப் பிறகு யார் எங்கே சுற்றுலா போனதாகச் சொன்னாலும் கணவர், "எங்க வீட்டுல மீனுக்கு லீவு கிடையாதுங்க" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

இந்த வருடம் ரொட்டிக் கடையில் அடுப்பைப் பிரித்துக் கட்டினார்கள். எட்டு வருடத்துக்கு ஒரு முறை நடக்கிற வேலை. ஒரு வாரம் கடை மூடல். அவரே போய் டிக்கெட் எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார்.

"இந்தா பாரு. இதை விட்டா அடுத்தது எட்டு வருஷம். அப்ப எனக்கு முட்டி இருக்குமோ என்னவோ. குழாய் உடைஞ்சாலும் சரி, மீன் பறந்தாலும் சரி, இந்தத் தடவை நான் போறேன். நீ வந்தா சந்தோஷம்."

அவர் குரலை உயர்த்தாமல் சொன்னதுதான் அவளுக்கு உறைத்தது.

சரி, போகலாம். பதினோரு சாவியை யாரிடம் கொடுப்பது? எல்லோரும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதற்கு இவள் இருந்தாள். இவள் கொடுத்துவிட்டுப் போக ஆள் இல்லை. கடைசியில் மிஞ்சியது நாத்தனார்தான், கணவரின் தங்கை. இரண்டு தெரு தள்ளி வீடு. தையல் கம்பெனியில் மதிய ஷிப்டில் பட்டன் வைக்கிறவள். தன் வீட்டுச் சாவியையே ஒரே வருடத்தில் மூன்று தடவை தொலைத்த பெருமை அவளுக்கு உண்டு. குடும்பத்தில் அவளுக்குப் பேரே மறதிமூட்டை.

சாவியக்கா அவளைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, கலர் கலராகச் சொன்னாள். "பச்சை வாத்தியார். மஞ்சள் டாக்டரம்மா. கருநீலம் அஞ்சாம் மாடி. வாத்தியாரும் டாக்டரம்மாவும் இங்கதான் இருக்காங்க. இப்ப ஊர்ல இல்லாதது அஞ்சாம் மாடியோட சேர்த்து மூணு வீடு, அந்த மூணுலதான் செடிக்குத் தண்ணி. திருப்பிச் சொல்லு."

நாத்தனார் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

"கையில எழுதறியே, கை கழுவ மாட்டியா?"

"நாலு நாள் இடது கையைக் கழுவாம இருக்கேன் அண்ணி, போதுமா? நீங்க நிம்மதியாப் போங்க."

"நீ இப்படிச் சொல்றதுதான் எனக்குப் பயமே."

கிளம்புகிற அன்றும் சாவியக்கா லீவு போடவில்லை. பஸ் பத்தரைக்குத்தான். ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் நான்கு வீட்டையும் முடித்தாள். பெட்டி இரண்டு நாள் முன்பே கட்டியாகிவிட்டது. முந்தின நாள் மூன்றில் ஒரு பங்கை வெளியே எடுத்தும் ஆகிவிட்டது. கணவரின் முட்டித் தைலம் கைப்பையில். ஒன்பதரைக்கு வழிக்கென்று முட்டை அவித்து, ரொட்டியோடு துணியில் கட்டினாள். சாக்கடை வாயில் தண்ணீர் ஊற்றித் தட்டைக் கவிழ்த்தாள். பூட்டினாள். பதினோரு சாவியோடு தன் வீட்டுச் சாவியையும் நாத்தனார் கையில் கொடுத்தாள். எல்லாம் அவள் சட்டப்படி.

பஸ்ஸில் ஜன்னலோரம் கணவருக்கு. ஊரைத் தாண்டியதும் அவர் கண்ணாடியை முழுதும் தள்ளிவிட்டு முகத்தைக் காற்றில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு மணிவாக்கில் போன் அடித்தது. வாத்தியார்.

"அக்கா, ஊருக்குப் போற ஆளைத் தொந்தரவு பண்றேன். அடுப்பு எரியவே மாட்டேங்குது. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தா கனமாத்தான் இருக்கு. இருந்தாலும் புதுசுக்குச் சொல்லிட்டேன்."

"கீழ திருகு திறந்திருக்கா பாருங்க சார்."

குனிகிற முனகல் கேட்டது. "அட, மூடியில்ல இருக்கு! யாரு மூடினா?"

அவள் பதில் சொல்வதற்குள் அடுத்த அழைப்பு. டாக்டரம்மா. "அக்கா, கேஸ் வரல." ஒன்றாம் மாடியிலிருந்தும் இரண்டாம் மாடியிலிருந்தும் அதே செய்தி. நான்கு வீடு. காலையில் அவள் வேலை செய்த அதே நான்கு வீடு.

கணவர் தலையை உள்ளே இழுத்தார். "என்னவாம்?"

"நாலு வீட்டுலயும் கேஸை மூடிட்டு வந்திருக்கேங்க. அடுப்பைத் துடைச்சிட்டு, ஊருக்குப் போற நினைப்புல, கை பாட்டுக்கு மூடியிருக்கு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஊருக்குப் போறது நாம. ஊரையே பூட்டிட்டு வந்திருக்கியே!"

அவளும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நின்றாள். முட்டை அவித்தது ஞாபகம் இருந்தது. கரண்டியால் எடுத்தது, தோல் சுட்டது, துணியில் கட்டியது, எல்லாம் ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு குனிந்தாளா? திருகினாளா? வாயால் சொன்னாளா?

காதில் எதுவும் இல்லை.

"ஏங்க, நம்ம வீட்டு கேஸ்?"

அவர் சிரிப்பு அடங்கியது. அவருக்கும் தெரியவில்லை.

சாப்பாட்டுக்காகப் பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. பதினைந்து நிமிடம் என்றார் கண்டக்டர். எதிர்ப்பக்கம் இவர்கள் ஊருக்குத் திரும்புகிற பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. சாவியக்கா நாத்தனாருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். அதே. தரைத்தளத்து வீட்டுக்கு மேலே ஐந்து மாடி இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

கணவர் இரண்டு டீயோடு வந்தார். எதிர்ப்பக்கப் பஸ்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மீன் பேச்சை எடுக்கவில்லை. "திரும்பணும்னா திரும்பிடலாம். பெட்டியை எடுக்கச் சொல்லவா?" என்று மட்டும் கேட்டார். நாலு நாள் முன்பு 'நான் போறேன்' என்ற ஆள்.

மூன்றாவது தடவை நாத்தனார் எடுத்தாள். பின்னால் சந்தை இரைச்சல்.

"எங்கடி போன? சாவி எங்க?"

"கழுத்துல."

"என்னது?"

"தொலைச்சிடுவேன்னுதானே பயந்தீங்க, பன்னண்டையும் கயிறுல கோத்துக் கழுத்துல தொங்கவிட்டிருக்கேன். கனக்குது அண்ணி, மாட்டு மணி மாதிரி இருக்கு. என்ன விஷயம்?"

சொன்னாள். நாத்தனார் வழக்கம்போலச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. "பத்து நிமிஷம். ஓடறேன்" என்று வைத்துவிட்டாள்.

பத்து நிமிடம் இவர்களிடம் இல்லை. கண்டக்டர் விசில் அடித்தார். எதிர்ப்பக்கப் பஸ்ஸும் நகரத் தொடங்கி, படியில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. கணவர் காலி கோப்பைகளோடு நடுவில் நின்றார்.

சாவியக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஏறுங்க" என்றாள்.

"எதுல?"

"நம்ம பஸ்லதான். அவ ஓடறேன்னு சொல்லிட்டாளே. இத்தனை பேரு என்னை நம்பித்தானே போனாங்க."

பஸ் பாலம் ஒன்றைத் தாண்டும்போது போன் வந்தது. நாத்தனாருக்கு மூச்சு வாங்கியது.

"அடுப்பு அணைஞ்சிருக்கு அண்ணி. கீழ திருகு திறந்துதான் இருக்கு. முட்டை வெந்த தண்ணியும் அப்படியே இருக்கு, கொட்டிடறேன். இருங்க." உலோகம் கிறீச்சிட்டது. பிறகு ஊருக்கே கேட்கிற குரலில், "அண்ணி வீட்டு கேஸ் மூடிட்டேன்! கேட்டுச்சா?"

"கேட்டுச்சுடி. பஸ்ஸுக்கே கேட்டுச்சு."

இரண்டு நாள் அந்தப் பக்கத்திலிருந்து போனே இல்லை. முதல் நாள் அது நிம்மதியாக இருந்தது. இரண்டாம் நாள் மதியம் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. கணவர் மணலில் துண்டை விரித்து, முகத்தில் காற்று பட மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவளே கூப்பிட்டாள்.

"ஏண்டி, ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"சொல்ல ஒண்ணுமில்லியே. செடி நல்லா இருக்கு. அஞ்சாம் மாடியில ஒரு பூகூட விட்டிருக்கு. வாத்தியாருக்குப் புதுசும் வந்து ரெண்டு சிலிண்டர் ஆயிடுச்சு, நீங்க சிரிப்பீங்கன்னு உங்களைக் கூப்பிடலையாம். அப்புறம், பலகையை எங்க வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, உங்க சாவிக்கும் அதுல ஒரு ஆணி அடிச்சிட்டேன். உங்களுதுல மட்டும் நூலே இல்ல. ஊதா கட்டியிருக்கேன்."

"ஊதாவா? கருநீலம் ஏற்கெனவே இருக்கேடி. சாயங்காலம் லைட் போட்டா ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்!"

"எனக்குத் தெரியுது அண்ணி. நான் பட்டன் வைக்கிறவ. நீங்க அலையைப் பாருங்க."

சாவியக்கா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கணவர் ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன, மீனா?"

"இல்ல. நூலு."

"ம்" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் போனைக் கைப்பையில் தைல பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து ஜிப்பை இழுத்தாள். பழக்கம் விடவில்லை. "பை மூடிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நடந்தாள்.