பாக்கமானி சொன்ன ஒற்றைச் சொல்

பாக்கமானி ஸூங்குவின் வண்டியில் முன்னிருக்கையில் யாரும் உட்காருவதில்லை. ஒருமுறை மழைக்கு ஓடிவந்து நான் அந்தக் கதவைத் திறந்துவிட்டேன்.

"அண்ணே, பின்னாடி ஏறுங்க. அங்க ஆள் இருக்கு."

இருக்கை காலிதான். ஆனால் சீட் பெல்ட் மாட்டியிருந்தது. நான் பேசாமல் பின்னால் ஏறிக்கொண்டேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் டாக்ஸி நிறுத்தத்துக்கு எதிரே எனக்கு ஒரு போன் ரிப்பேர் கடை. கம்பிக் கதவை எப்போதும் பூட்டியே வைத்து, ஆள் முகம் பார்த்துத்தான் திறப்பேன். பாக்கமானிக்கு அது வேடிக்கை. "உங்க கடைக்கு சாமான் வாங்க வர்றாங்களா, ஜெயில்ல உங்களப் பாக்க வர்றாங்களா?" என்பார். அவர் தொழிலே காவல். இந்த ஊரில் டாக்ஸி என்றால் தடம் பிடித்து ஓடும், பதினைந்து பேர் ஏறும் வேன். அதன் முதலாளிகளுக்கு ஆயுசு குறைவு. தடம் ஒன்றுக்கு இரண்டு சங்கம் சண்டை போடும். சண்டையைத் துப்பாக்கிக்காரன் தீர்த்துவைப்பான். அதனால் முதலாளி எங்கே போனாலும் இரண்டு காவலர்கள் கூடவே போவார்கள்.

ம்சிங்கா மலைப்பக்கம் ஆடு மேய்த்த குடும்பத்தில் பிறந்தவர் பாக்கமானி. பத்தொன்பது வயதில் சுரங்கத்துக்குப் போனார், நெஞ்சுச் சளியோடு திரும்பினார், பிறகு கடைவாசலில் சீருடை போட்டு நின்றார். முப்பத்திரண்டில் கிரேடவுன் தடத்தில் பன்னிரண்டு வண்டி ஓட்டிய கிதியோன் ம்பாத்தாவிடம் சேர்ந்தார். ம்பாத்தா குலத்து ஆண்களை மரியாதையாக 'ஷண்டு' என்று கூப்பிடுவார்கள். பாக்கமானியும் அப்படித்தான் கூப்பிட்டார். ஸூங்கு குலத்தவரான அவரை அதே மாதிரி 'மன்ஸினி' என்பார்கள். எட்டு வருடம் ஷண்டுவின் நிழலை மிதிக்காமல் நடந்தார்.

ஒன்பதாவது வருடம் ஒரு சனிக்கிழமை மதியம், இதே ஊரில் இறைச்சி சுடும் கடை ஒன்றில் ஷண்டு சாப்பிட உட்கார்ந்தார். "மன்ஸினி, மிளகாய்ச் சாறு இல்லாம இது செருப்பு மாதிரி இருக்குடா. போய் வாங்கிட்டு வா," என்றார். கவுண்டர் வரை நாற்பது காலடி தூரம். இன்னொரு காவலன் வெளியே வண்டியருகே நின்றான். பாக்கமானி திரும்பும்போது பாட்டில் கையில் இருந்தது, முதலாளி தரையில் இருந்தார். சுட்டவனைப் பார்த்தவர்களில் சிலர் அவன் மேசை துடைக்கிறவன் என்றார்கள், சிலர் லாட்டரிச் சீட்டு விற்றவன் என்றார்கள். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. 'விருந்தாளி' என்றுதான் சொல்வார்கள். எந்த வீட்டுக்குள்ளும் துப்பாக்கிக்காரனாக நுழைய மாட்டானாம். கேஸ் சிலிண்டர் கொண்டுவருவான், சாவு வீட்டில் அழுவான், காணாமல் போன மாட்டைத் தேடிவந்து தண்ணீர் கேட்பான்.

இவர்கள் வழக்கப்படி, வெளியே செத்தவரின் ஆவியை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். விழுந்த இடத்தில் இலந்தைக் கிளையை வைத்து, பெயர் சொல்லி அழைத்து, அந்தக் கிளையைக் கையில் பிடித்தபடி வீடுவரை வரவேண்டும். டாக்ஸியில் ஏறினால் ஆவிக்கும் சேர்த்து இரண்டு இருக்கை. ஆறு வந்தால், திருப்பம் வந்தால் ஆவியிடம் சொல்ல வேண்டும். மனிதர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் ஆவி வழியிலேயே நின்றுவிடும்.

ஷண்டுவின் மகனுக்கு அப்போது ஏழு வயது. அதனால் மனைவி மாங்கோபோ கிளையைப் பாக்கமானி கையில் கொடுத்தார். "கடைசியா அவர் கூட இருந்தது நீ. நீயே கூட்டிட்டு வா."

பாதி வழியில் பாக்கமானியின் சட்டைப்பையில் போன் அடித்தது. அணைக்க மறந்திருந்தார். மனைவி பிரசவத்துக்குச் சேர்ந்திருந்த நாள் அது. கை தானாகப் போனை எடுத்துக் காதில் வைத்தது. பேசியவன் லிண்டானி, பாக்கமானியின் தங்கை ஸனேலேயைக் கட்டியவன், ஷண்டுவின் இன்னொரு காவலன்.

"மச்சான்! பொண்ணு பொறந்திருக்கு!"

"பொண்ணா?" என்றார் பாக்கமானி.

அவ்வளவுதான். உடனே வாயைப் பொத்திக்கொண்டார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. கிளை மடியில் கிடந்தது. ஆனால் பக்கத்து இருக்கையில் ஏதோ எழுந்து போனது போலவும், போகாமல் அவர் முதுகில் ஏறிக்கொண்டது போலவும் இருந்ததாம். வீட்டில் போய், முன்னோர்கள் தங்கும் வட்டவீட்டுப் பின்சுவரோரம் கிளையை வைத்தார். எல்லாரும் அழுதார்கள். அவர் மட்டும் வாய் திறக்கவில்லை.

அதற்குள் அவர் வீடு சேர்ந்திருப்பார் என்று நினைத்துத்தான் லிண்டானி கூப்பிட்டிருந்தான். மறுமுனையில் வண்டிச் சத்தம் கேட்ட பிறகே அவனுக்குப் புரிந்தது. அன்றே தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "நீ பேசல, மச்சான். நான் கேக்கல. இது நம்ம ரெண்டு பேரோட மண்ணுக்குள்ள போகட்டும்." லிண்டானி அப்படிச் சொன்னால் நம்பலாம். இடுகாட்டைத் தாண்டும்போது விசிலடிப்பதைக்கூட நிறுத்துகிறவன். கிளையோடு யாராவது வண்டிக்குக் காத்திருந்தால் இறங்கிப்போய்த் தொப்பியைக் கழற்றிக் கதவு திறந்துவிடுவான்.

பிறந்த பெண்ணுக்குத் துலிசிலே என்று பெயர் வைத்தார்கள். அமைதிப்படுத்தியவள் என்று அர்த்தம். அன்றிலிருந்து பாக்கமானி எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஓர் இடம் காலியாக விடுவார். வீடு சேராத ஷண்டு அங்கே உட்கார்ந்திருப்பதாக அவருக்கு நிச்சயம்.

நான்கு வருடம் போனது. மாங்கோபோ வண்டிகளை விற்கவில்லை, தானே நடத்தினார். பாக்கமானியும் லிண்டானியும் இப்போது அவருக்குக் காவல். எதிர்ச் சங்கம் தடத்தைக் கேட்டது. அவர் மறுத்து உரிம அலுவலக விசாரணையில் பேசுவதாக அறிவித்துவிட்டார். விருந்தாளியை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நிறுத்தம் முழுக்கப் பேச்சு.

பாக்கமானி அதற்கப்புறம் தூங்கியதாகத் தெரியவில்லை. மாங்கோபோவின் வீட்டுக்கு வரும் பால்காரனின் கேனைக்கூடத் திறந்து பார்த்தார். பாதிரியாரையே தடவிப் பார்த்தார். "தம்பி, என்கிட்ட இருக்கிற ஒரே ஆயுதம் வேதம்தான்," என்றாராம் அவர். "அதையும் பிரிச்சுக் காட்டுங்க ஃபாதர்," என்றிருக்கிறார் இவர். இரண்டாவது முறையும் ஒரு ம்பாத்தா தன் கண்ணெதிரே விழக்கூடாது. அதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

விசாரணை நாளன்று அவரே ஒரு திட்டம் போட்டார். மாங்கோபோவின் வெள்ளைக் கார் அவர் இல்லாமல் ஒரு பாதையில் போகும். மாங்கோபோ தன் டாக்ஸி ஒன்றிலேயே, சாதாரணப் பயணி மாதிரி, கம்பளி போர்த்திக்கொண்டு கடைசி வரிசையில் வருவார். பக்கத்தில் பாக்கமானி. வண்டி ஓட்டுவது லிண்டானி. இந்தத் திட்டம் தெரிந்தவர்கள் அந்த மூவர் மட்டுமே.

ஏறிய ஒவ்வொருவரையும் பாக்கமானி படியிலேயே சோதித்தார். "கல்யாணமே பண்ணிக்கலாம் போல, இவ்ளோ தடவுறியே!" என்று ஒரு தடித்த அம்மாள் கத்த, வண்டியே சிரித்தது. கடைசி வரிசையில் நான்கு இடம். ஜன்னலோரம் மாங்கோபோ, அடுத்து பாக்கமானி, அடுத்து ஷண்டுவுக்காக ஒன்று, அதற்கடுத்ததும் காலி.

ஒரு மரத்தடியில் லிண்டானி வண்டியை நிறுத்தினான். ஒரு கிழவர் நின்றார். கையில் இலந்தைக் கிளை, அக்குளில் சுருட்டிய கோரைப்பாய். ஒன்றும் பேசாமல் இரண்டு பேருக்கான கட்டணத்தை நீட்டினார்.

"பின்னாடி ரெண்டு இடம் இருக்கு, மச்சான். ஏத்தட்டுமா?" என்றான் லிண்டானி.

ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பாக்கமானி எழுந்தார். சோதிக்க வேண்டும். கிழவரை நிறுத்த வேண்டும், பாயை விரிக்கச் சொல்ல வேண்டும், ஏதாவது கேட்டால் அவர் பதில் சொல்லும்படி ஆகிவிடும். அப்புறம் இன்னொரு வீட்டின் ஆவி நடுவழியில் நிற்கும். நீட்டிய கை தானாக மடங்கியது. வழிவிட்டார்.

கிழவர் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, நடுவில் ஷண்டுவின் இடத்தில் கிளையை வைத்தார். பாய் மடியில். அதன் வாய்ப்பக்கம் மாங்கோபோ இருந்த ஜன்னலைப் பார்த்திருந்தது. ம்ங்கேனி ஆற்றுப் பாலம் வந்ததும் கிளையைத் தொட்டு, "அப்பா, ஆத்தத் தாண்டுறோம், பயப்படாம வாங்க," என்று முணுமுணுத்தார். குரலில் அழுகைகூட இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது.

அப்போதுதான் முன்னாலிருந்து அந்தத் தடித்த அம்மாள் கத்தினாள்.

"ஏய் டிரைவர்! ரேடியோவ நிறுத்துடா! உன் வீட்ல செத்தவங்களே கெடையாதா?"

பாக்கமானிக்கு அப்போதுதான் அந்தப் பாட்டு காதில் விழுந்தது. கிட்டார் போட்டு ஒருவன் கூத்தாடிக்கொண்டிருந்தான். கிளை ஏறியதிலிருந்து அது ஓடிக்கொண்டே இருக்கிறது. லிண்டானி இறங்கிக் கதவு திறக்கவில்லை. தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. இடுகாட்டுக்கு விசிலை நிறுத்துகிறவன், இன்று ரேடியோவை நிறுத்தவில்லை.

வண்டியில் எந்த ஆவியும் ஏறவில்லை என்று லிண்டானிக்குத் தெரிந்திருக்கிறது.

கண்ணாடியில் லிண்டானியின் கண் ஒரு நொடி இவர் கண்ணைச் சந்தித்தது, உடனே விலகியது. கை அவசரமாக ரேடியோவை அணைத்தது. பாலத்துக்கு அப்பால், கரும்புத் தோட்டத்தின் ஓரம் ஒரு கார் நின்றது. லிண்டானி வேகத்தைக் குறைத்தான்.

"அந்த நேரத்துல விருந்தாளியப் பத்தி நான் நெனைக்கவே இல்ல, அண்ணே," என்று பின்னால் ஒருநாள் பாக்கமானி என்னிடம் சொன்னார். "நான் யாரு மேல கைவைக்க மாட்டேன்னு அந்தக் கிழவனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் நெனச்சேன். உலகத்துல ஒரே ஒருத்தனுக்குத்தான் அது தெரியும்."

நினைப்பு தப்பாக இருந்தால் இரண்டாவது ஆவியையும் தெருவில் விட்ட பாவம். சரியாக இருந்தால் இன்னும் சில நொடிகள்தான். காலியாக இருந்த அந்த இடத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஷண்டு, கொஞ்சம் நகந்துக்கங்க."

சொல்லிக்கொண்டே பாயின் மேல் விழுந்தார். பாய்க்குள் இருந்த துப்பாக்கி வெடித்தது. குண்டு அவர் இடது கையில் இரண்டு விரலைப் பிய்த்துக்கொண்டு கூரையில் பாய்ந்தது. கிழவர் கிழவரே இல்லை. நரைக்குக் கீழே முப்பது வயதுக் கழுத்து. முன்வரிசை ஆண்கள் ஏறி மிதித்துப் பிடித்தார்கள். மாங்கோபோ கம்பளிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்துத் தன்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒரு கீறலும் இல்லை.

லிண்டானி வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து கரும்புக்குள் ஓடினான். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்ச் சங்கம் அவனுக்குச் சொந்தமாக இரண்டு வண்டி தருவதாகப் பேச்சு என்று பிறகு போலீஸ் சொன்னது.

மருத்துவமனைக் கட்டிலருகே மாங்கோபோ உட்கார்ந்திருந்தார். நன்றியெல்லாம் சொல்லி முடித்த பிறகு கேட்டார்: "பால்காரன் கேனத் தொறந்து பாக்குறவன் நீ. இவன மட்டும் ஏன் விட்ட?"

பாக்கமானி எதையும் மறைக்கவில்லை. போன் அடித்தது, பெண் பிறந்தது, "பொண்ணா?" என்றது, எல்லாம் சொன்னார்.

மாங்கோபோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு வருஷமா தெனம் விடியக்காலைல வட்டவீட்டுப் பின்சுவர்கிட்ட மண்டி போட்டு அவர்கிட்ட பேசுறேன். புள்ள பரிச்சைல பாஸ் ஆனதச் சொன்னேன். வண்டி வாங்கினதச் சொன்னேன். பயமா இருக்குன்னு சொன்னேன்." குரல் உயரவில்லை. "யாருகிட்டடா சொல்லிட்டிருந்தேன், மன்ஸினி? சொவத்துகிட்டயா?"

"அம்மா..."

"லிண்டானி என்ன ஒரு நாள் ஏமாத்தினான். நீ நாலு வருஷம் ஏமாத்தியிருக்க." எழுந்து நின்றார். "அவரக் கொண்டாந்து வீட்ல விடு. அப்புறம் என் வாசப்படி மிதிக்காத."

கட்டுப்போட்ட கையோடு ஒரு சனிக்கிழமை காலை பாக்கமானி என் கடைக்கு வந்தார். வண்டியை ஓரமாக விட்டிருந்தார். வலது கையில் புது இலந்தைக் கிளை. போனைக் கம்பிக் கதவு வழியாக நீட்டினார்.

"வெச்சுக்கங்க, அண்ணே. யாரு கூப்டாலும் எடுக்காதீங்க. இதான் நான் பேசற கடைசி வார்த்தை."

இறைச்சிக் கடைப் பக்கம் நடந்து போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பிவந்து, கிளையிடம் மட்டும் உதடசைத்து, கிரேடவுன் டாக்ஸியில் இரண்டு பேருக்குப் பணம் நீட்டி ஏறினார். நான் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

பத்து மணிக்குப் போன் அடித்தது. திரையில் 'மச்சான்' என்றிருந்தது. கண்ணாடி மேசைமேல் அது நகர்ந்து நகர்ந்து அதிர்ந்தது. பயந்து இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன். உள்ளேயிருந்தும் கேட்டது. சாயங்காலத்துக்குள் பதினோரு முறை.

அவர் திரும்பிவந்தபோது கையில் கிளை இல்லை. வெறுங்கையோடு நிற்கத் தெரியாதவர் போல் நின்றார்.

"வீட்டுக்குப் போயிட்டாரா?" என்றேன்.

"போயிட்டாரு. பாலத்துகிட்டயே முதுகு லேசாயிருச்சு." போனை வாங்கித் திரையைப் பார்த்தார். முகம் மாறவில்லை. "விருந்தாளி மேல எனக்குக் கோவமே இல்ல, அண்ணே. அவன் யாரோ. அவன் தொழில் அது."

"இந்த நம்பரத் தடுத்து வெச்சிரலாம். இல்லன்னா பேரயாவது மாத்திரலாம். என்னன்னு போடட்டும்?"

யோசித்தார். திரையில் இருந்த பெயரைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"வேற என்ன பேர் இருக்கு அவனுக்கு," என்றார். "அப்படியே இருக்கட்டும்."

வண்டியில் ஏறி, முன்னிருக்கையின் பெல்ட்டைக் கழற்றினார். அது சுருண்டு உள்ளே போனது. நான் கதவருகே நின்றேன், உட்காரச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. காலியான அந்த இருக்கையில் போனை வைத்தார். வண்டி நிறுத்தத்தைத் தாண்டித் திரும்பும்போது அது மறுபடி ஒளிர்ந்தது. அவர் எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை.