ஒரு பல் தள்ளி

பட்டறையில் அந்த மெக்கானிக்குக்கு ‘குப்பை இன்ஜினியர்’ என்று பெயர். தூக்கிப்போட்ட இரும்பெல்லாம் அவர் கையில் கருவியாகிவிடும். டைமிங் பெல்ட் மாற்றும்போது இன்ஜினின் கேம் தண்டு இரண்டும் அசையாமல் பிடிக்க, பழைய கதவுக் கீலை அறுத்துத் தேய்த்த ஒரு பட்டை. கீழே கிராங்க் தண்டு திரும்பாமல் அதன் துளையில் சொருக ஒரு டிரில் பிட். இதற்குப் போய் கம்பெனி டூல் எதற்கு என்று மீசையை முறுக்குவார். வேலை சுத்தம்தான், பொய் சொல்லக்கூடாது. தலைக்கனம்தான் ஒரு படி கூடுதல்.

அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, ஓட்டும் வாடகைக் காருக்கு டைமிங் பெல்ட் மாற்றியதும் அப்படித்தான். சரியான அளவு பிட் உடைந்துபோயிருந்ததால், கொஞ்சம் மெலிந்த ஒன்றைச் சொருகி வேலையை முடித்தார். பெல்ட் மாட்டியதும், பல்லெல்லாம் சரியாகப் பொருந்தியதா என்று இன்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். நேற்று வேலைக்கு வந்தவன்கூடச் செய்வான். இவருக்கு அது கௌரவக் குறைச்சல்.

நாலாம் நாள் மேம்பாலம் ஏறும்போது வண்டி படுத்துவிட்டது. மாமாவை அருகில் வைத்துக்கொண்டு இன்ஜின் ஹெட்டைக் கழற்றினால் வால்வெல்லாம் வளைந்து கிடக்கிறது. பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தது. மெலிந்த பிட் துளைக்குள் ஆடியதில் கிராங்க் நகர்ந்திருக்கிறது. வளைந்த வால்வு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான்தான் பாலத்துல ரொம்ப அழுத்திட்டேன் போல மாப்ளே," என்றார் மாமா.

இவர் "ம்" என்றார். அந்த வாயில் மண்ணை அள்ளிப் போட்டால்தான் என்ன!

அதிலிருந்து அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலே முள்ளின்மேல் உட்கார்ந்தாற்போல் இருந்தது. என் தம்பி கை வைத்த வண்டியையே கெடுத்த மகராசன் என்று அக்கா புருஷனை வறுத்தெடுப்பாள். மாமா தன் பாட்டுக்குச் சாப்பிடுவார். இவரையோ வெட்கம் பிடுங்கித் தின்றது.

மூன்றாம் வாரம், அக்கா மறுபடி ஆரம்பித்ததும் சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார்.

"நிறுத்துக்கா. பெல்ட்ட தப்பா மாட்டினது நான். மாமா மேல ஒரு குத்தமும் இல்ல."

அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். மாமா ஆச்சரியப்படவே இல்லை. கை கழுவும் இடத்துக்கு இவர் பின்னாலேயே வந்து குழாயைத் திறந்துவிட்டார்.

"எனக்குத் தெரியும் மாப்ளே. ஹெட்டக் கழட்டினப்போ உன் மூஞ்சியப் பாத்தேனே. அவளுக்கு உன்மேல அவ்வளவு பெருமை. அத ஏன் கெடுக்கணும்னு நான் அப்படிச் சொல்லிட்டேன்."

மூன்று வாரம்! அத்தனை ஏச்சையும் அந்த மனுஷன் தெரிந்தே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. இவர் இன்னும் கழுவிக்கொண்டே நின்றார், மாமாவை நிமிர்ந்து பார்க்க முடியாமல்.