பட்டிவரை வந்த காட்டுப்பூனை

பகல் ஒரு மணிக்கு என் கணவர் அருள் வீடியோவில் வருவார். அவர் இருக்கும் இடத்தில் அப்போதே இருட்டாக இருக்கும். அதே நேரம் இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா தெருவில் நான் பராமரிக்கும் வயதான வீட்டுக்கார அம்மாவின், சிஞ்ஞோராவின், பால்கனியில் வெயிலில் கண் கூசும். இரண்டாவது குளிர்காலம் இது. எனக்கு இன்னும் பழகவில்லை. அருள், குளிர்காலத்தில் சூரியனே எழாத நோர்வேயின் வடகோடியில் பனிமான் வளர்க்கும் நீல்ஸ் என்பவரிடம் வேலை செய்கிறார். அதைச் சொன்ன அன்று சிஞ்ஞோரா கைதட்டிச் சிரித்தார். "உன் புருஷன் பாப்போ நத்தாலேயிடமா வேலை செய்கிறான்?" என்று கேட்டார். கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுக்கும் மானைத்தான் அவருக்குத் தெரியும். நானும் சிரித்துவைத்தேன். குளிர்காலத்தில் லிங்க்ஸ் என்ற பெரிய காட்டுப்பூனை வந்து அந்த மான்களின் குரல்வளையைக் கடித்துக் கொல்கிறது என்று சொல்ல என் இத்தாலியன் போதாது.

போன கிழமை அப்படிச் செத்துக்கிடந்த ஒரு சினைமானை அருள் பனிக்குள் கண்டார். மன்னாரில் எங்கள் காட்டோரத்தில், சிறுத்தை அடித்த கன்றைக் கிடந்த இடத்தில் விடமாட்டோம். பட்டிக்கு அருகே இழுத்துவந்து புதைப்போம். வளர்த்த சீவனைக் காகத்துக்கு விட மனம் வராது. இவரும் அதையே செய்தார். மானைப் பனி ஸ்கூட்டரில் கட்டி இழுத்துவந்தார். நிலம் உறைந்து மண்வெட்டி இறங்காததால், பட்டிவாசலில் பனியைப் போட்டு மூடிவைத்தார். நீல்ஸ் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாராம். தான் கொன்றதைத் தின்ன அந்தப் பூனை திரும்பி வரும். இவர் அதற்குப் பட்டிவரை வழி காட்டிவிட்டார். உடலை அப்புறப்படுத்தியும் பயனில்லை. மறுநாள் வேலியைச் சுற்றி அடித்தடங்கள். அதற்கடுத்த நாள் வேலிக்குள்ளேயே இரண்டு மான்கள் செத்துக் கிடந்தன. இன்னொன்று போனால் வேலையில்லை என்று நீல்ஸ் சொல்லிவிட்டார். வேலை போனால் விசா போகும். வசந்தத்தில் நான் அங்கே போய்ச் சேரும் கனவும் போகும். எனக்கு அருள்மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் நான் அங்கே நின்றிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

இன்று அழைத்தபோது அவர் பட்டிக்குள் தனியாக நின்றார். செத்த மான்களைப் பார்வையிட அதிகாரியைக் கூட்டிவர நீல்ஸ் போயிருந்தார்.

"என்னப்பா, பட்டி வாசல் படலையைக் கட்டினனீங்களே?"

"ஓம். ஆனா பனி வேலி உயரத்துக்குக் குவிஞ்சு போச்சுது. நீர் பயப்பிடாதையும், அது மனிசரிட்டை வராது."

"அப்ப ஏன் மெல்லமாக் கதைக்கிறியள்?"

அவர் போனைத் திருப்பினார். டோர்ச் வெளிச்சத்தில் மான்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி அசையாமல் நின்றன. "பொறும், பாத்திட்டு வாறன்" என்றார். படம் அப்படியே நின்றது. பிறகு அழைப்பு அறுந்துபோனது.

சிஞ்ஞோராவின் வீட்டுப்பூனை வெளியே நின்று பால்கனிக் கதவின் கண்ணாடியைப் பிறாண்டியது. "திறந்துவிடு, பாவம்" என்று அவர் நாற்காலியிலிருந்து சொன்னார். நான் எழுந்து போனேன். வெளியே நல்ல வெயில். கதவைத் திறக்காமல் தாழ்ப்பாளைப் போட்டேன். சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். மறுபடியும் இழுத்துப் பார்த்தேன்.