வாய்விட்டுச் சொன்ன தேற்றங்கள்

எங்கள் தலைமையாசிரியர் வகுப்புகளைக் காதால்தான் மேற்பார்வை செய்வார். விறாந்தையில் நடந்துகொண்டே போவார். சத்தமில்லாவிட்டால் நல்ல வகுப்பு. சத்தம் கேட்டால் ஆசிரியர் சரியில்லை. அவருடைய கணக்கில் கல்முனையிலேயே மோசமான ஆசிரியன் நான்தான்.

நான் எஸ்.எஸ்.சி. வகுப்புக்குக் கேத்திர கணிதம் படிப்பித்தேன். கரும்பலகையில் தேற்றத்தை எழுதினால் பிள்ளைகள் அச்சுப் பிசகாமல் பார்த்து எழுதுவார்கள். முக்கோணத்தைத் திருப்பிப் போட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். அதனால் குர்ஆன் மதரசாவின் வழியைப் பிடித்தேன். அங்கே ஒவ்வொரு பிள்ளையும் தன் பாடத்தை ஒரே நேரத்தில் உரக்க ஓதும். ஓதிக்கொடுக்கும் லெவ்வை இருந்த இடத்திலிருந்தே பிழை விட்டவனைப் பிடித்துவிடுவார். என் வகுப்பிலும் ஆளுக்கொரு தேற்றம், வரிக்கு வரி காரணத்தோடு, வாய்விட்டு. காரணத்தை விழுங்கியவன் என் காதுக்குத் தப்பமாட்டான்.

பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி வரப்போகிறார் என்றதும் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். என் நியமனம் நிரந்தரமாவது வித்தியாதரிசியின் அறிக்கையில் தங்கியிருந்தது.

"ஒரு நாளைக்கு வாயப் பொத்திட்டு இருந்தா புள்ளையள்ர அறிவு குறைஞ்சி போகாது தம்பி," என்றார்.

ஓம் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் வித்தியாதரிசி கடைசி வாங்கில் உட்கார்ந்தார். வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவர் எழுப்பிய, சாய்ந்தமருதிலிருந்து வரும் பையன் முதல் வரியிலேயே நின்றுவிட்டான். முந்திய நாள் அதே தேற்றத்தைக் கடகடவென்று சொன்னவன். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது, அவன்மேல் அல்ல. எல்லோரையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். வகுப்பு இரைந்தது. அந்தப் பையனும் பிழையில்லாமல் சொல்லி முடித்தான். ஆனால் வித்தியாதரிசி அதற்குள் எழும்பி வெளியே போய்விட்டார்.

ஒழுங்கில்லாத வகுப்பு என்று அறிக்கை வந்தது. நியமனம் தள்ளிப்போனது. மனம் வெந்துபோனேன். ஆனாலும் அடுத்த பாடத்திலும் பிள்ளைகளை அப்படியே சொல்லவைத்தேன். இனி யாருக்காகவும் அதை நிறுத்துவதில்லை என்று முடிவுகட்டியிருந்தேன்.

அன்றுதான் தலைமையாசிரியர் முதல்முறையாக விறாந்தையை விட்டு உள்ளே வந்தார். ஏசத்தான் வருகிறார் என்று நினைத்தேன். இந்த இரைச்சலில் பிழை எப்படிக் கேட்கும் என்று கேட்டார். இருந்து பாருங்கள் என்று என் கதிரையைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவரும் மதரசாவில் ஓதி வளர்ந்தவர்தானே. கொஞ்ச நேரத்தில் யன்னல் பக்கம் கையை நீட்டினார்.

"அந்தா, அவன் காரணத்த உட்டுட்டுப் போறான்."

சரியாகத்தான் பிடித்திருந்தார். எழும்புவார் என்று பக்கத்தில் போய் நின்றேன். மணி அடிக்கும்வரை என் கதிரை எனக்குக் கிடைக்கவில்லை.