மருந்துக்கடையில் தொங்கிய படம்

பதினாறு வயதுப் பெண் கடைத்தெருவில் நின்று குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிட்டாள் என்று எங்கள் உறவினர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசட்டும். அன்று அவள் பக்கத்தில் நானும் நின்றேன் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

என் மூத்த மகள் எஸ்.எஸ்.எல்.சி.யில் மாநில அளவில் ராங்க் வாங்கிய வருஷம் அது. எங்கள் வீடு அல்சூரில். மாமனார் காலத்திலிருந்தே சர்க்கார் உத்தியோகக் குடும்பம். தேர்வு முடிவு வந்ததும் அவளை ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போய்ப் படம் எடுத்தோம். அடுத்த வாரம் என் கணவருடைய மேலதிகாரியின் மைத்துனர் வீடு தேடி வந்தார். ஞாபகசக்தி டானிக் ஒன்றுக்கு அவர் ஏஜெண்டு. படத்தில் ஒரு பிரதியும் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும் என்றார். அவர் நீட்டிய தாளில் மூன்று வரிகள் இருந்தன. என் மகள் இரண்டு வருஷமாக அந்த டானிக்கைச் சாப்பிட்டாளாம், அதனால்தான் ராங்க் வந்ததாம். அந்தச் சீசாவையே நான் அன்றுதான் பார்த்தேன்.

என் கணவரை எங்கோ தூரத்தில் இருக்கும் ராய்ச்சூருக்கு மாற்றப்போவதாக ஆபீசில் அப்போது பேச்சு. அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். பேனாவை நான் எடுத்தேன். இண்டர்மீடியட் வரை படித்தவள் நான். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

மகளிடம் சொல்லவில்லை.

படத்தைப் பெரிதாக்கி பஜார் மருந்துக்கடையில் மாட்டிய மூன்றாம் நாள், பக்கத்து ஜோகுபாளையத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவர். அவருடைய பெண்ணும் என் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அந்தப் பெண் கணக்கில் தவறிவிட்டாள். செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும்.

அவர் கம்பிக்கதவுக்கு வெளியே நின்றார். நான் உள்ளே நின்றேன்.

"கடையில பாப்பா படம் பாத்தேம்மா. அந்த டானிக்கு நெசமாவே வேலை செய்யுதா? சனிக்கிழமை சம்பளம் வந்ததும் ஒரு பாட்டில் வாங்கிடலாம்னு இருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"நல்ல மருந்துதான். வாங்கிக் குடு," என்றேன்.

கையெழுத்துக்காவது மாற்றல் பயம் என்று ஒரு காரணம் இருந்தது. இதற்கு என்ன காரணம்? கதவைத் திறக்காமலே பேச்சை முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

திரும்பினால் கூடத்து ஜன்னலில் என் மகள்.

"யாரும்மா டானிக் குடிச்சது?"

"மெல்லப் பேசுடி."

"நானா? எப்போ?"

மாற்றல் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் சிவந்தது.

"அப்பா ராய்ச்சூர் போகாம இருக்கறதுக்கு அவங்க சம்பளத்தைக் கரைக்கணுமா? நான் எப்படி ராங்க் வாங்கினேன்னு நான் சொல்றேன், கேளு. அஞ்சு மணிக்கு நீ காபி கொடுத்து எழுப்புவே. மேஜை இருக்கு, பல்பு இருக்கு. கணக்கு வரலைன்னதும் அப்பா ஆபீஸ் மாமா ஒருத்தர் வீட்டுக்கே வந்து சொல்லிக் குடுத்தார். அந்த நேரத்துல அவங்க பொண்ணு குழாயடியில நிப்பா. கணக்குப் புஸ்தகமே அவகிட்ட இல்லைம்மா. என்னோடதை ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போவா. திங்கக்கிழமை நானே கேட்டு வாங்கிப்பேன். எனக்கு ஸ்கூல்ல கைதட்டினப்போ அவளும் தட்டினா."

"உழைச்சது நீதானே?"

"அவ உழைக்கலையா?"

பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசாதே என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை மாலை லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லிப் போனவள் திரும்பவில்லை. பஜாரிலிருந்து வந்த பக்கத்து வீட்டு மாமி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "உங்க பொண்ணு மருந்துக்கடையில வியாபாரம் பாக்கறாளே! சீக்கிரம் போங்கோ, கல்லாவில உக்காந்துடப் போறா."

ஓடினேன். பெண்ணுக்கு ஜுரம், ஏதோ உளறுகிறாள் என்று சொல்லி இழுத்துவந்துவிடலாம் என்று வழியிலேயே யோசித்து வைத்துக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

அவள் தன் படத்துக்குக் கீழேயே நின்றிருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம், "இந்தப் படத்துல இருக்கறது நான்தாங்க. நான் இதைக் குடிச்சதே இல்லை," என்றாள். ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "படத்துல கொஞ்சம் செவப்பா இருக்கியே பாப்பா," என்றார். சிரிப்பு எழுந்தது. அவள் நகரவில்லை.

"பேடாம்மா, வேண்டாம், வீட்டுக்குப் போ," என்று கடைக்காரர் கன்னடம் கலந்து கெஞ்சினார். "யாகே, எதுக்கு இந்த கலாட்டா? கையெழுத்து இருக்கு, கீழயே பிரேம் போட்டு வெச்சிருக்கேன். இதோ, அம்மாவே வந்துட்டாங்க. அவங்களையே கேளுங்க!"

கூட்டத்தில் அந்த ஜோகுபாளையத்து அம்மாள் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவரும் என்னைப் பார்த்தார். ஜுரம் என்ற சொல் வாய்வரை வந்தது.

"கையெழுத்து என்னோடது. எழுதியிருக்கறது பொய்," என்றேன். கடைக்காரர் காதில் விழாததுபோல் நின்றதால் இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.

அந்த அம்மாள் என்னைப் பாராட்டவில்லை. "அன்னிக்கு கதவாண்ட நின்னு கேட்டேனே, அப்ப சொல்றதுக்கு என்னா? மூணு நாளா எம் பொண்ணை, உனக்கு மூளை இல்லடி, மருந்து ஊத்தினாத்தான் உருப்படுவேன்னு திட்டிட்டிருக்கேன்," என்றார். முடிச்சை இன்னும் இறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

படத்தை இறக்கச் சொன்னேன். ஏஜெண்டைக் கேட்க வேண்டும் என்றார் கடைக்காரர். ஸ்டூலை இழுத்துப்போட்டு நானே ஏறினேன். என் மகள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். இறக்கிவிட்டுத்தான் இறங்கினேன். கையெழுத்துப் பிரேமை மட்டும் கடைக்காரர் கல்லாவுக்கு அடியில் பதுக்கிவிட்டார்.

மறுவாரம் ஜோகுபாளையம் போனேன். அந்த அம்மாள் என்னை வாசலில் நிற்கவைத்தே பேசினார். அதில் எனக்கு வருத்தமில்லை. என் மகளுடைய கணக்குப் புத்தகம் எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. செப்டம்பரில் அந்தப் பெண் தேறினாள். அவள் படத்தை எந்தக் கடையிலும் மாட்டவில்லை.

என் கணவர் இப்போது ராய்ச்சூரில் இருக்கிறார். தபால்காரர் மணியடித்தால், அவரை இன்னும் எங்கே தூக்கிப்போட்டார்களோ என்று இன்றும் வாசலுக்கு ஓடுகிறேன். நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளைக் கடைக்காரரிடமிருந்து ஏஜெண்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார், திருப்பித் தரவேயில்லை. எந்த ஊர்க் கடையில் மாட்டியிருக்கிறாரோ தெரியாது. எங்கே போனாலும் மருந்துக்கடைகளுக்குள் எட்டிப் பார்க்கிறேன். கண்ணில் பட்டால், ஸ்டூல் கேட்டு ஏறுவேன்.